ஓநாயின் மீசையில் பனி

பனிக்காலம் வந்தால் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும் வடநாட்டுப் புல்வெளி ஒன்றில் காட்டெருமைக் கூட்டம் ஒன்று வாழ்ந்து வந்தது. கூட்டத்தின் தலைவி கருங்கொம்பி. அதிகம் பேசமாட்டாள், எதையும் உற்றுப் பார்ப்பாள்.

ஒருநாள் காலை வடக்கிலிருந்து பனிப்புயல் கிளம்பியது. காற்று ஊளையிட்டது. பனி முள்ளாய்க் குத்தியது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கன்றுகள் வயிறுவரை பனியில் புதைந்து நடுங்கின.

அப்போது ஓர் ஓநாய் அங்கே வந்து நின்றது.

"அம்மா, நான் வடக்கிலிருந்து ஓடி வருகிறேன். அங்கே புயல் இதைவிடக் கொடுமை! நீங்கள் தெற்கே போங்கள். கொஞ்ச தூரத்தில் தேவதாருத் தோப்பு இருக்கிறது. காற்றுக்கு முதுகைக் காட்டினால் போதும், அதுவே உங்களைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடும்" என்றது.

பிடரியன் என்ற அவசரக்காரக் காளைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "சரியாகச் சொன்னாய்! முகத்தில் அடி வாங்கிக்கொண்டு இங்கே எதற்கு நிற்க வேண்டும்? வாருங்கள், போவோம்!"

கூட்டம் தெற்கே திரும்பத் தொடங்கியது.

"நில்லுங்கள்" என்றாள் கருங்கொம்பி. ஓநாயை ஒருமுறை சுற்றி வந்தாள். "வடக்கிலிருந்தா வந்தாய்?"

"ஆமாம் அம்மா, எங்கும் நிற்காமல் ஓடி வந்தேன்."

"அப்படியானால் காற்று உன் முதுகில்தானே அடித்திருக்கும்?"

"முதுகு விறைத்தே போய்விட்டது!"

"முதுகில் பொட்டுப் பனிகூட இல்லையே! உன் மீசையிலும் இமையிலும்தான் பனி உறைந்து தொங்குகிறது. நீ காற்றை எதிர்த்து, தெற்கிலிருந்து வந்திருக்கிறாய். அவ்வளவு நல்ல தோப்பை விட்டுவிட்டு எங்களைத் தேடி வர உனக்கு என்ன வேலை?"

ஓநாய் இரண்டடி பின்வாங்கியது. பிடரியன் கொம்பைத் தாழ்த்தியதும், வாலைச் சுருட்டிக்கொண்டு தெற்கே பாய்ந்தோடியது.

"இப்போது என்ன செய்வது?" என்று பிடரியன் வெட்கத்தோடு கேட்டான்.

"புயல் தெற்கே போகிறது. நாமும் அங்கே போனால் நாள் முழுக்க அதனோடுதான் நடக்க வேண்டும். எதிர்த்து நடந்தால் அது நம்மைத் தாண்டிப் போய்விடும். பெரியவர்கள் முன்னால், கன்றுகள் நமக்குப் பின்னால். புறப்படுங்கள்!"

பிடரியன் முதல் ஆளாகப் போய் நின்றான். அவன் அகன்ற நெற்றி பனியைப் பிளந்தது. மற்றவை தோளோடு தோள் உரச நடந்தன. ஒரு கன்றுகூடப் பின்தங்கவில்லை.

உச்சிப்பொழுதில் காற்று ஓய்ந்தது. வெயில் அடித்தது. கன்றுகள் பனியைக் கிளறிப் புல் மேய்ந்தன.

தெற்கே தோப்பு எதுவும் இருக்கவில்லை. பனி மூடிய ஆழமான பள்ளம்தான் இருந்தது. அதன் கரையில் ஏழு ஓநாய்கள், வராத விருந்துக்காக, கொட்டும் பனியில் விறைத்துக்கொண்டிருந்தன.

நீதி: வழி சொல்பவனின் பேச்சை மட்டும் கேட்காதே, அவன் எந்த வழியில் வந்தான் என்பதையும் பார்.