பெருந்திரைக்கு வேட்டி கொடுத்த ஊர்

பொட்டல்குளத்தை வரைபடத்தில் தேடாதீர்கள். வரைபடம் போட வந்தவர் அந்த ஊர்க்காரர்களிடமே வழி கேட்டார். அவர்கள் சொன்னபடி போய் வேறு எங்கோ சேர்ந்துவிட்டார். மனசால் கெட்டவர் என்று அங்கே ஒருத்தரைக்கூடக் காட்ட முடியாது. மூளை மட்டும், சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டு ஓய்வெடுக்கும்.

அந்த ஊரில் சந்திரா டாக்கீஸ் என்று ஒரு தியேட்டர். நடத்துகிறவர் தாணுமூர்த்தி. கட்டடம் அவர் மனைவி இசக்கியம்மாளின் அண்ணன் குலசேகரன் பேரில் இருந்தது. குலசேகரன் உர வியாபாரி. “தீபாவளிக்கு ஒரு பெரிய படம் வரலைன்னா இதை யூரியா குடோனாக்கிருவேன் மாப்ள” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தாணுமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. பெண்டாட்டிக்கு அடுத்து அவர் ஆசையாகப் பார்த்துக்கொண்டது அந்தத் தியேட்டரைத்தான். சில நாள் வரிசை மாறியும் போனதுண்டு.

தீபாவளிக்கு வர இருந்த பெரிய படம் ‘கடல் எழுந்த நாள்’. கதாநாயகன் சூரவேல். பெருந்திரையில் பார்ப்பதற்கென்றே எடுத்த படம். பொங்கலுக்கு விண்வெளிப் படம் ஒன்று, சித்திரைக்கு யுத்தப் படம் ஒன்று, அவையும் இதே ரகம். சின்னத் திரை வைத்திருக்கிறவன் இனிமேல் சுவரொட்டியைப் பார்த்துத்தான் திருப்திப்பட வேண்டும் என்று பேச்சு.

தாணுமூர்த்தி விநியோகஸ்தர் ஆபீசுக்குப் போன் போட்டுக் கெஞ்சினார். அங்கே லாசர் என்று ஒரு பிரதிநிதி. நல்ல மனுஷன்.

“அண்ணாச்சி, திரை இந்தச் சுவத்துலேருந்து அந்தச் சுவரு வரைக்கும் இருக்கணும். தரையிலேருந்து கூரை வரைக்கும் இருக்கணும். படம் திரை பூரா நிறையணும். டிரெய்லர் அனுப்புதேன், போட்டுப் பாத்துக்கிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வருவேன். சரியா இருந்தா படம் உமக்கு. இல்லைன்னா பக்கத்து ஊரு மேலப்பாறைக்காரனுக்கு.”

அவ்வளவுதான் சொன்னார். பாவம், பொட்டல்குளத்தில் அதுவே அதிகம் என்று அவருக்குத் தெரியாது.

உடனே கூட்டம் கூடியது. ஆபரேட்டர் பிச்சைக்கனி வந்தார். சூரவேல் ரசிகர் மன்றத் தலைவர் பேச்சிமுத்து, பின்னால் ஒரு படையோடு வந்தான்.

“அம்புட்டுப் பெரிய துணிக்கு எங்கே போக?” என்றார் தாணுமூர்த்தி.

“ஊர்ல வேட்டி இல்லாத ஆம்பள யாரு அண்ணாச்சி?” என்றான் பேச்சிமுத்து.

ஊர் முழுக்க வேட்டி வசூலாயிற்று. அந்த வாரம் நடந்த ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை கட்டம்போட்ட லுங்கியோடு மணையில் உட்கார்ந்தார். பெண் வீட்டார் முகம் சுளித்தபோது, “தலைவர் படத்துக்காக” என்று சொன்னார்கள். அவர்களும் தங்கள் வேட்டிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

தைக்கும்போது ஒரு சிக்கல். வந்ததில் பாதி கரைவேட்டி. எந்தக் கட்சிக் கரை மேலே வருவது?

“ஆளுங்கட்சி மேல இருக்கட்டும்” என்றார் பிச்சைக்கனி.

“தேர்தல் வந்தா?”

“திரையைத் தலைகீழா மாட்டிக்கிடலாம்.”

இதைவிட நியாயமான தீர்ப்பை நான் எந்தக் கோர்ட்டிலும் கேட்டதில்லை. எல்லாக் கட்சிக்காரர்களும் கை தட்டினார்கள்.

திரையை மாட்டினார்கள். சுவரிலிருந்து சுவர், தரையிலிருந்து கூரை, நான்கு பக்கமும் நெருக்கமாக ஆணி. கடைசி ஆணி அடித்து முடித்த பிறகு ஆட்களைக் காணோம். இசக்கியம்மாள் காப்பி கொண்டுவந்தபோது திரை பேசியது.

“மயினி, நாங்க உள்ளே இருக்கோம்.”

“அந்தப் பக்கம் ஏன்டா நின்னு ஆணி அடிச்சீங்க?”

“முன்னாடி நின்னா திரையை மறைக்கும்லா?”

அவள் தலையில் அடித்துக்கொண்டு கீழே நாலு ஆணியைப் பிடுங்கினாள். ஒவ்வொருவராகத் தவழ்ந்து வந்து, காப்பி ஆறிவிட்டது என்று குறை சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டிரெய்லரைப் போட்டுப் பார்த்தார்கள். படம் திரை நடுவில் மட்டும் விழுந்தது. சுற்றிலும் வெறும் வேட்டி. தாணுமூர்த்தியின் முகம் செத்துவிட்டது.

“புரொஜெக்டரைப் பின்னால தள்ளினா படம் பெருசாகும்” என்றார் பிச்சைக்கனி. அவர் வாழ்நாளில் சரியாகச் சொன்ன விஷயம் இது ஒன்றுதான். அதனால் வந்த கேட்டைப் பாருங்கள்.

தள்ளினார்கள். பின்சுவர் தடுத்தது. சுவரை இடித்தார்கள். இன்னும் தள்ளினார்கள், ரோடு வந்தது. ரோட்டைத் தாண்டி எதிரே தண்ணீர்த் தொட்டி. அதன் படிக்கட்டின் நடுவே புரொஜெக்டரை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டியபோது பொழுது சாய்ந்திருந்தது. இப்போது வெளிச்சம் ரோட்டைக் கடந்து, இடிந்த சுவர் வழியாகப் போய், திரை பூரா நிறைந்தது. கடல் கரைபுரண்டது. அதன் நடுவே சூரவேல், மூக்கு மட்டுமே ஒரு மாட்டுவண்டி அளவு. தாணுமூர்த்தி அழுதேவிட்டார்.

மன்றத்துக்காரர்கள் அபிஷேகத்துக்குப் பால் குடத்தைத் தூக்கினார்கள். அந்த நேரம் பார்த்து ரோட்டில் பஸ் வந்தது.

வெளிச்சம் பஸ்ஸின் பக்கவாட்டில் விழுந்தது. சூரவேல் முகம் பஸ்மேல் ஏறியது. பஸ் நகர்ந்தது.

“ஐயோ, தலைவரு பஸ்ஸுல போறாரு!” என்று கத்தினான் பேச்சிமுத்து.

“டிக்கெட் எடுத்தாரா?” என்றார் தாணுமூர்த்தி.

பால் குடத்தோடு படை பஸ்ஸைத் துரத்தியது. அடுத்த ஸ்டாப்பில் மடக்கினார்கள். கண்டக்டர் கேட்டார், “எந்தத் தலைவரு? எங்கே ஏறினாரு?”

“தொட்டிக்கு எதிர்ல ஏறினாரு. தலை மட்டும்.”

கண்டக்டர் வழியை விட்டு விலகிக்கொண்டார். ஜன்னல் ஓரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேச்சிமுத்து அவரை உற்றுப் பார்த்தான். “தலைவரு முகம் இந்தச் சட்டையிலதான் விழுந்துச்சு, நான் கண்ணால பாத்தேன்” என்றான். அப்புறம் என்ன, மாலை போட்டு, கோஷம் போட்டு, குடம் பாலையும் அவர் தலையில் கவிழ்த்தார்கள்.

அவர் லாசர்.

பால் சொட்டச் சொட்ட அவர் நடந்து வந்து தியேட்டரைப் பார்த்தார். சுவரில்லாத கட்டடத்தைப் பார்த்தார். லுங்கி கட்டிய ஊரைப் பார்த்தார். மேலப்பாறைக்குப் பஸ் எப்போது என்று மட்டும் கேட்டார். நல்ல மனுஷன் என்று நான் முதலிலேயே சொன்னேனே.

தீபாவளி வந்தது. மேலப்பாறையில் படம் ஓடியது. பொட்டல்குளத்தில் யாரும் வெடி போடவில்லை. குலசேகரன் அன்று மாலை யூரியா லோடு வரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தாணுமூர்த்தி காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து, “இனி இதுல மூட்டைதான் உக்காரும்” என்று மூக்கைச் சிந்தினார். பார்க்கச் சகிக்கவில்லை.

பிச்சைக்கனி மெல்லக் கேட்டார். “அண்ணாச்சி, படம் இப்போ எங்கே இருக்கு?”

“மேலப்பாறையில.”

“மேலப்பாறையில எங்கே?”

“திரையில.”

“திரை எதுல ஆனது?”

“துணியில.”

“நம்மகிட்டேயும் துணி இருக்குல்லா?”

எல்லோரும் துள்ளி எழுந்தார்கள். பிறகு வேட்டித் திரையைக் கழற்றி, டிராக்டரில் ஏற்றி, மேலப்பாறை மேட்னி ஷோவுக்குக் கிளம்பினார்கள்.

கடல் பொங்கும் காட்சி வந்ததும், இருட்டில் படை மேடை ஏறி, அந்த ஊர்த் திரைக்கு முன்னால் தங்கள் துணியை விரித்துப் பிடித்தது. படம் அதன்மேல் அழகாக விழுந்தது. “நல்லா ஒட்டட்டும், அசையாதீங்க!” என்றார் தாணுமூர்த்தி. மேலப்பாறை ரசிகர்கள் முதலில் இதுவும் படத்தில் ஒரு பாகம் என்று நினைத்தார்கள். கட்சிக் கரைகளைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது. கையிலிருந்த கலர் சோடாக்களைக் குலுக்கி மேடையை நோக்கிப் பீய்ச்சினார்கள்.

“போதும், படத்தை உள்பக்கமா வச்சு மடிங்கவே!” என்று கத்தினார் பிச்சைக்கனி. மடித்தார்கள், ஓடினார்கள். வழி முழுக்க டிராக்டரைக் குழியில் விடாமல் ஓட்டினார்கள், படம் குலுங்கிவிடக் கூடாதல்லவா.

சந்திரா டாக்கீஸில் யூரியா லாரி இடிந்த சுவர் வழியாகப் பாதி உள்ளே வந்து நின்றது. “நீங்க சுவரை உடைச்சது வசதியாப் போச்சு மாப்ள” என்றார் குலசேகரன்.

“கொஞ்சம் பொறுங்க மச்சான். படம் வந்துட்டு.”

துணியைப் பிரித்தார்கள். சூரவேல் இல்லை. அலை இல்லை. வெறும் வேட்டி. திருப்பிப் பார்த்தார்கள், அந்தப் பக்கமும் வேட்டி. தாணுமூர்த்தி அப்படியே துணிமேல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் விருட்டென்று எழுந்தார்.

“எலே, ஈரமா இருக்கு!”

பேச்சிமுத்து தொட்டுப் பார்த்தான். “தலைவரைக் காணோம் அண்ணாச்சி. ஆனா கடல் வந்துட்டு!”

பிச்சைக்கனி ஒரு விரலால் தொட்டு நக்கினார். யோசனையில் ஆழ்ந்தார். “இனிக்குதே. கடல் உப்பா இருக்கணும்லா?”

“கிராபிக்ஸ் கடலுக்கு எவன்வே உப்பு போடுவான்?”

குலசேகரன் கீழே குனிந்து தானும் தொட்டுப் பார்த்தார். அவரும் அதே ஊர்க்காரர்தான். முகம் வெளுத்தது.

“மாப்ள, இந்தத் தண்ணி இன்னும் பொங்குமா?”

“இது முதல் பாதிதான் மச்சான். இடைவேளைக்கு அப்புறம் ஊரையே முழுங்கும்.”

குலசேகரன் யூரியா மூட்டைகளைப் பார்த்தார், ஈரத் துணியைப் பார்த்தார். “ஏ டிரைவரு, வண்டியைப் பின்னால எடு! இதுல வச்சா ஒரு மூட்டை மிஞ்சாது. மாப்ள, தியேட்டரை நீரே வச்சுக்கிடும்.”

லாரி போய்விட்டது. தாணுமூர்த்தி பிச்சைக்கனியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தார். பேச்சிமுத்து ஆளைவிட்டு வெடி வாங்கி வரச் சொன்னான். இசக்கியம்மாள் மட்டும் துணியைச் சுருட்டி எடுத்தாள். “நாளைக்கு வெயில்ல காயப் போட்டு, அவங்கவங்க வேட்டியை அவங்கவங்களுக்குக் குடுத்துருதேன்” என்றாள்.

பேச்சிமுத்து பதறிப் போய் அவள் குறுக்கே விழுந்தான்.

“வெயில்ல போட்டுராதீங்க மயினி! படம் சுருங்கி டிவி சைசுக்கு வந்துரும்!”