வாசலில் தொங்கிய பந்தி

செங்கழனி நாட்டில் வடிவாம்பாள் என்று ஒருத்தி. சீலையில் படம் வரைவதில் அவளை அடிச்சுக்க ஆளில்லை. ஆனால் அது ஊருக்குத் தெரிந்தால்தானே! படம் முடிந்ததும் சுருட்டிப் பரணில் ஏற்றிவிடுவாள். "நாலு பேர் பார்த்துச் சிரிச்சா நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கும்" என்பாள்.

அடுத்த வீட்டுக்காரர் மாசிலாமணி, ராஜசபையின் விகடர். ஒருநாள் அவள் வீட்டு எலியை விரட்டப் பரணில் ஏறினவர் ஒரு படத்தை விரித்துவிட்டார். எலி தப்பித்தது, வடிவாம்பாள் மாட்டிக்கொண்டாள்.

கல்யாணப் பந்திப் படம் அது. ஒருவர் பாயசத்துக்குக் கழுத்தை நீட்டுகிறார். இன்னொருவர் பக்கத்து இலை அப்பளத்தைக் களவாடுகிறார். பின்னால் ஓர் ஆடு மாப்பிள்ளையின் மாலையை மென்றுகொண்டிருக்கிறது. மாசிலாமணி ஏணியிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

"ராஜா புது மாளிகையில தொங்கவிடப் படம் கேட்டிருக்கார். நாளைக்குச் சபைக்கு வர்றே, வடிவு."

"ஐயையோ அண்ணே, நான் மாட்டேன்!"

மாட்டேன் என்றவளை விடுவாரா மனுஷன்? மறுநாள் படமும் கையுமாக இழுத்துக்கொண்டு போய் நிறுத்திவிட்டார்.

"நீ வரைந்ததா அம்மா?" என்று கேட்டார் ராஜா மருதகேசரி.

"ஏதோ கிறுக்கினேன் மகாராஜா. பார்க்காதீங்க" என்று மென்று விழுங்கினாள்.

ஆஸ்தான ஓவியர் திருவேங்கடம் விடுவாரா? அவர்தான் மாளிகைச் சுவரெல்லாம் வரைந்து முடித்திருந்தவர். "அவளே கிறுக்கல் என்கிறாள், மகாராஜா! வேண்டுமானால் வாசலில் திருஷ்டிக்குத் தொங்கவிடலாம், பூசணிக்காய்ச் செலவு மிச்சம்" என்றார்.

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்துக்கொண்டே, "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

வடிவாம்பாள் வீட்டுக்கு வந்ததும் ஓவென்று அழுதாள். தூரிகைகளை அள்ளி அடுப்பருகே போட்டாள். "இனிமே தொடமாட்டேன் அண்ணே. இந்தப் படத்தையும் சேர்த்துக் கொளுத்தப் போறேன்."

மாசிலாமணிக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கொண்டுபோய் நிறுத்தியவர் அவர்தானே! ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "கொளுத்துவியா? இது இப்ப ராஜாவோட திருஷ்டிப் படம். கொளுத்தினா ராஜத்துரோகம்! மாட்டுறதோட போகாது, கிரகப்பிரவேசம் முடியறவரை நீயே காவல் நிக்கணும். அப்புறம் தூரிகையை என்ன வேணா பண்ணிக்கோ."

கிரகப்பிரவேசத்தன்று வாசலில் படம் தொங்கியது. வடிவாம்பாள் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். முதலில் வந்தவர் நின்றார், பின்னால் வந்தவர் அவர்மேல் முட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் வாசலே அடைத்துக்கொண்டது.

"அப்பளத் திருடனைப் பாரு, எங்க சின்ன மாமா மாதிரியே இல்லே?"

"இந்தத் தொப்பை என்னோடது! யாருய்யா என்னைப் பார்த்து வரைஞ்சது?"

தூணுக்குப் பின்னாலிருந்து வடிவாம்பாள் தலையை நீட்டிப் பார்த்தாள். அவர்கள் சிரித்தார்கள்தான், ஆனால் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அப்போது ஓர் அம்மாள் குரல் கொடுத்தாள்: "பரிமாறுறவனைப் பாருங்க, இடது கையாலயா பரிமாறுவாங்க? வரைஞ்சவளுக்கு அதுகூடத் தெரியலையே!"

அவ்வளவுதான், வடிவாம்பாளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தூணை விட்டு வெளியே வந்தாள். "நல்லாப் பாருங்கம்மா! வலது கையில வடையை ஒளிச்சு வச்சிருக்கான். வேற எந்தக் கையால பரிமாறுவான்?"

கூட்டம் உற்றுப் பார்த்து, வடையைக் கண்டுபிடித்து, ஆரவாரம் செய்தது. ஒரு சமையல்காரர் மட்டும் தலையைச் சொறிந்தார். "எல்லாம் சரி தாயி, இலையோட நுனி சாப்பிடுறவருக்கு வலப்பக்கமா இருக்கே?"

வடிவாம்பாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஆமாங்க, தப்புதான். அடுத்த படத்துல சரியாப் போட்டுடறேன்."

அடுத்த படமா! சொன்னபிறகுதான் அவளுக்கே உறைத்தது. கூட்டத்தில் நின்ற மாசிலாமணி வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே என்ன நிலவரம் தெரியுமா? சந்தனம் பூசி, பட்டு அங்கவஸ்திரத்தோடு திருவேங்கடம் தன் சித்திரங்களுக்குப் பக்கத்தில் நின்று நின்று கால் வலித்ததுதான் மிச்சம். ஒரு ஈ காக்கை கூட வரவில்லை. ராஜா பொறுமையிழந்து வாசலுக்கே வந்துவிட்டார்.

"பார்த்தீர்களா மகாராஜா! இந்தக் கிறுக்கல் ஒருத்தரையும் உள்ளே விடவில்லை. இவளைத் தண்டிக்க வேண்டும்!" என்று குதித்தார் திருவேங்கடம்.

"மாசிலாமணி, என்னய்யா இது?"

"தங்கள் உத்தரவுதான், மகாராஜா. திருஷ்டிக்கு மாட்டுவது எதற்கு? ஊரார் பார்வை வீட்டின்மேல் விழாமல் தன் பக்கம் இழுத்துக்கொள்ளத்தானே? காலையிலிருந்து மாளிகையை ஒருத்தராவது ஏறிட்டுப் பார்த்திருந்தால் என்னைக் கேளுங்கள்!"

ராஜா படத்தைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். கிரீடம் சரியச் சிரித்தார். "இதை இப்போதே சபையில் என் ஆசனத்துக்கு எதிரே மாட்டுங்கள்!" என்று சொல்லித் தன் சால்வையை எடுத்து அவளுக்குக் கொடுத்தார்.

திருவேங்கடம் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். கூட்டத்தைப் பார்த்தார், சேவகர்கள் படத்தைக் கழற்றியதில் காலியான ஆணியைப் பார்த்தார். அவருக்கும் சபலம் தட்டிவிட்டது. "மகாராஜா... வாசலுக்குத் திருஷ்டிப் படம் இல்லாமல் போகிறதே. நான் ஒரு படம் சீலையில் வரைந்து வேண்டுமானால்..."

மாசிலாமணி பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் வடிவாம்பாள் முந்திக்கொண்டாள்.

"வேண்டவே வேண்டாம் மகாராஜா! ஐயா படத்தை மாட்டினா எல்லார் பார்வையும் நேரா மாளிகை மேலேதான் விழும்!"