ஆதிரை சொன்னால் கடல் கேட்கும்

பரமகுருவுக்குப் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொன்னால் கேட்கிறவர்களுக்கு அலுப்புத் தட்டுமே என்ற நல்லெண்ணத்தில் கொஞ்சம் தாராளமாக மசாலா சேர்ப்பார், அவ்வளவுதான். கோவில்பட்டியில் பம்பு செட் கடையில் விற்பனை பார்க்கிறவர். அரை எச்.பி. மோட்டாரைக் காட்டி, ரொம்ப நேரம் ஓட விடாதீங்க, கிணறே மேலே வந்துரும் என்று விவசாயியை எச்சரித்து விற்ற மனிதர். அப்பேர்ப்பட்டவர் மனைவியையும் இரண்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஆறு நாள் அந்தமான் கடற்கரையில் ஓய்வெடுத்துவிட்டு வந்தால் ஊர் தாங்குமா?

ஆனால் இந்தத் தடவை அவர் வாயைத் திறந்தது மானத்தைக் காப்பாற்ற. புறப்படுவதற்கு முன்னாலேயே மனைவி சுகந்தியின் அண்ணன் வேலாயுதம் தடுத்திருந்தார். குழந்தைக்குத் தாய்மாமன், சொல்ல உரிமை உள்ளவர். "ரெண்டு வயசுப் புள்ளைய வச்சுக்கிட்டு ஓய்வா? திரும்பி வந்து ஓய்வெடுக்க இன்னொரு வாரம் லீவு சொல்லிட்டுப் போங்க மாப்ள" என்றார். பரமகுரு சிரித்துவிட்டுப் போனார். இப்போது அந்த வேலாயுதத்தின் வாயிலிருந்து 'நான் அப்பவே சொன்னேன்ல' என்ற வார்த்தை வந்துவிடக் கூடாது. வந்தால் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று ஆயுசுக்கும் அதையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நடந்தது என்னவோ வேறு. முதல் நாள் காலையில் குழந்தை ஆதிரையை மணலில் இறக்கினார்கள். உள்ளங்காலில் மணல் பட்டதும் அவள் போட்ட கூச்சலில் பக்கத்தில் படுத்திருந்த வெள்ளைக்காரர் இடத்தைக் காலி செய்தார். அதற்குப் பிறகு அவள் மணலில் கால் வைக்கவே இல்லை. ஆறு நாளும் அறையின் குளியலறையில், நீல வாளிக்குள் உட்கார்ந்துகொண்டு, "அப்பா ஊத்து, அம்மா ஊத்து" என்று ஆணையிட்டாள். இரண்டு பேரும் ஷிஃப்ட் போட்டுக்கொண்டு மொண்டு மொண்டு ஊற்றினார்கள். கடல் ஜன்னலில் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலாயுதத்தின் வீட்டில் காபி வந்தது, கூடவே கேள்வியும் வந்தது. வேலாயுதம் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அடுத்தவன் ஓட்டும் வண்டியில் பிரேக் மிதித்தே பழகிய கால் அவருக்கு. பேச்சு கொஞ்சம் வேகமெடுத்தாலும் வலது கால் தன்னால் தரையை அழுத்தும்.

விமானத்திலிருந்து ஆரம்பித்தார் பரமகுரு. ஆதிரை ஏறியதும் தூங்கினாள், இறங்கும்போது விழித்தாள். அதுவாவது பரவாயில்லை. அழுதுகொண்டிருந்த மற்ற ஏழு குழந்தைகளும் இவள் முகத்தைப் பார்த்ததும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டன. பணிப்பெண் கையெடுத்துக் கும்பிட்டு, எல்லா விமானத்திலும் பாப்பாவை ஏற்றிவிட முடியுமா என்று கேட்டாளாம். வேலாயுதத்தின் கால் லேசாக அழுந்தியது. சுகந்தி காபியைக் குடிக்கிற சாக்கில் டம்ளருக்குள்ளேயே முகத்தை வைத்திருந்தாள். அண்ணனிடம் வீம்பு பேசி இந்தப் பயணத்துக்குக் கிளம்பியவளே அவள்தான், அவளால் என்ன சொல்ல முடியும்?

கடற்கரைக்கு வந்தது கதை. ஆதிரையே துண்டை விரித்து, அப்பா படு என்று சொல்லிவிட்டு மணலில் தனியாக விளையாடப் போய்விடுவாள். பரமகுரு தென்னை மரத்தடியில் படுத்தார் என்றால் படுத்ததுதான். அப்படி ஒரு ஓய்வு அவர் வாழ்நாளில் எடுத்ததில்லை. "ஆறு நாள் ஷேவ் பண்ணல மச்சான். தாடி வளரவே இல்ல. உடம்பே ஓய்வெடுக்கும்போது முடி மட்டும் வேலை பாக்குமா?"

வேலாயுதம் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். தாடியைப் பற்றி அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆறு நாள் கடற்கரையில் கிடந்த முகம் கொஞ்சம்கூடக் கறுக்கவில்லையே, அது எப்படி என்று கேட்டார்.

பரமகுரு ஒரு வாய் காபி குடிக்கிற நேரம்தான் எடுத்துக்கொண்டார். "வெயில் நகர நகர நிழலும் நகரும்ல. மத்தவங்க எந்திரிச்சு எந்திரிச்சு நிழலுக்குள்ள மாறுனாங்க. நான் தூங்குறதப் பாத்துட்டு அந்தத் தென்னை மரமே கொஞ்சம் கொஞ்சமா சாஞ்சு சாஞ்சு குடுத்துச்சு. சாயங்காலம் நிமிர்ந்துக்கும்."

வேலாயுதத்தின் மனைவி கோமதி, கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியுதுன்னு சொல்லுவாங்களாம் என்று சமையல்கட்டுப் பக்கமாகத் திரும்பிச் சொன்னாள். யாருக்கும் குறிப்பாகச் சொல்லவில்லை.

வேலாயுதம் மருமகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். காம்பவுண்டு சுவர் கட்ட மணல் கொட்டியிருந்தது. கடற்கரையில் விளையாடிய பிள்ளை, இதிலும் விளையாடட்டுமே என்று மெதுவாக இறக்கினார். ஆதிரை காலை மடக்கிக்கொண்டு, மாமன் சட்டையைப் பிடித்துத் தோள் வரை ஏறி, அங்கிருந்து தலைக்கும் ஏறப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், கத்துகிற பிள்ளையை எதில் மறைப்பது? ஆனாலும் பரமகுரு குரலில் நடுக்கம் காட்டவில்லை. அந்தமான் மணல் மாவு மாதிரி இருக்கும், அதில் ஆறு நாள் நடந்த பாதத்துக்கு இந்த ஆற்று மணல் குத்தத்தானே செய்யும், இனிமேல் சலித்துப் போட்டால்தான் மிதிப்பாள் என்றார்.

"மணலச் சலிக்கணும்" என்றார் வேலாயுதம். கால் நன்றாகவே அழுந்தியது.

பிடி நழுவுகிறது என்று தெரிந்தால் விவரமுள்ளவன் வேகத்தைக் குறைப்பான். பரமகுரு கியரை மாற்றினார். ஆதிரை விரலை நீட்டினால் நண்டெல்லாம் வரிசையில் வந்து நிற்கும் என்றார். பக்கவாட்டில் நடக்கிற ஜாதி, இவள் அதட்டியதும் நேராக நடந்ததாம். ரிவர்ஸ் எடுத்துச்சா என்று கேட்டார் வேலாயுதம். அதற்கு இன்னும் லைசென்ஸ் வரவில்லை என்று பரமகுரு சொன்னதும் சுகந்திக்குப் புரையேறியது.

"நண்டு என்ன மச்சான் நண்டு. ரெண்டாம் நாள் மத்தியானம் புள்ள தூங்குற நேரம். அலை பாட்டுக்குச் சத்தம் போட்டுக்கிட்டு இருக்கு. இவ திரும்பிப் படுத்து, உதட்டுல விரலை வச்சு 'ஷ்' அப்டின்னா. அதுக்கப்புறம் அலை நுனிக்கால்ல வந்துச்சு. கரைக்கு வந்து, சத்தமில்லாம மடங்கி, அப்படியே திரும்பிப் போயிருச்சு. மீன்காரங்கள்லாம் கடல் செத்துப்போச்சுன்னு நெனச்சு தலையில துண்டப் போட்டு அழுதுட்டாங்க."

வேலாயுதத்தின் கால் தரையை விட்டு எழவே இல்லை. அதைப் பரமகுரு மதிப்பு என்று எடுத்துக்கொண்டார். கடைசி நாளையும் சொல்லி முடித்தார். இவர்கள் காரில் விமான நிலையத்துக்குப் போகிறார்கள், பின்னாலேயே சளக் சளக் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் கடல். பிள்ளையைப் பிரிய மனசில்லாமல் ரோட்டில் ஏறி வந்துகொண்டிருக்கிறது. சிக்னலில் நின்றது, மச்சானுக்காக அதையும் சொன்னார். விமானம் ஓடுபாதையில் தத்தளிக்கிறது. ஆதிரைதான் ஜன்னல் வழியாக டாட்டா காட்டி, போ, வீட்டுக்குப் போ என்று சமாதானம் சொல்லி அனுப்பினாள். அழுதுகொண்டே போனதில் அந்தப் பக்கத்துத் தண்ணீரில் இப்போது உப்பு கூடிவிட்டதாம்.

அத்தோடு நிறுத்தியிருந்தால்கூடத் தப்பித்திருப்பார். வெற்றிக்கு மாலையும் வேண்டும் போல இருந்தது அவருக்கு. "கோமதியக்கா, அத்தனை பேரும் கண்ணு வச்ச புள்ள இது. இப்பக் கேட்ட உங்க கண்ணும் பட்டிருக்கும். விளக்கு வைக்கிற நேரம், சுத்திப் போட்டுருங்க. எல்லாரும் பாக்க, இங்கனயே போடுங்க."

கோமதி ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். சாம்பிராணிக் கரண்டியில் கங்கு வந்தது. கையில் உப்பும் கடுகும் ஏழு வற்றல் மிளகாயும் எடுத்துக்கொண்டு தாய், தகப்பன், பிள்ளை மூன்று பேரையும் கிழக்கே பார்த்து உட்காரவைத்தாள். ஊர் கண்ணு, உறவு கண்ணு என்று சொல்லி மூன்று தடவை சுற்றி, துப்பச் சொல்லி, கங்கில் போட்டாள். எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான். கண் பட்டிருந்தால் மிளகாய் எரிந்தும் நெடி வராது. படவில்லை என்றால் வீட்டில் இருக்க முடியாது.

மிளகாய் கறுத்துப் புகைந்தது. நெடி இல்லை. பரமகுரு மச்சானைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதி வரும்போது தும்மல் வந்துவிட்டது. அடுத்தது சுகந்தி. வேலாயுதம் மருமகள் முகத்தைத் துண்டால் பொத்தி எடுத்துக்கொண்டு முதல் ஆளாகத் தெருவுக்கு ஓடினார். மற்றவர்கள் இருமிக்கொண்டே பின்னால் வந்து விழுந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே பரமகுரு, இது மிளகாயின் கோளாறு, காரம் கூடின சரக்காக இருக்கும் என்றார்.

"அதே மிளகாதான் தம்பி" என்றாள் கோமதி. "எங்க அண்ணன் புதுக் கார் வாங்கிட்டு வந்தப்ப போன வாரம் போட்டேன். ஒரு தும்மல் வரல."

பரமகுரு வேலாயுதத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த 'நான் அப்பவே சொன்னேன்ல' இப்போது வந்துவிடும். வேலாயுதம் நிதானமாக மூக்கைச் சிந்தி, துண்டை உதறி மருமகளின் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"கண்ணு படணும்னா நாங்க நம்பியிருக்கணும்ல மாப்ள" என்றார்.