வீட்டு ஜாடி

சத்தியமா சொல்றேன், இதுல ஒரு சொல்லு பொய்யின்னா என் நாக்கு புண்ணாப் போவட்டும்.

ஊறுகா கம்பெனி மொதலாளி தெய்வநாயகம், நைஞ்ச மாங்காயைக் கொட்டி, "நறுக்குன்னு கடிபடணும், படிகாரத்தை அள்ளிப் போடு. இல்லன்னா வேலை இல்ல"ன்னாரு ஊறுகா போடுற சிட்டம்மாகிட்ட.

"சிட்டிகை போட்டாப் பரவால்லைங்க, அள்ளிப் போட்டா தின்றவன் வவுறு?"

"ஒண்ணும் ஆவாதுடி!"

சோதனைக்கு ஆபீசர் வந்தாரு. "கொழந்தகூட சாப்பிடலாம் சார்"னு மொதலாளி அவருக்கு இலை போட்டு, தானும் பக்கத்துல உக்காந்தாரு. சிட்டம்மா ரெண்டு இலையிலயும் அதே ஊறுகாய வச்சா.

மொதலாளி பதறிட்டாரு. "ஏய், எனக்கு உள்ள இருக்குற வீட்டு ஜாடியிலேருந்து வை! இது விக்கிறதுக்குப் போட்டது!"

"கொழந்தகூட சாப்பிடலாம்னீங்களே மொதலாளி, நீங்க கொழந்தையவிட எளசா?"

ஆபீசர் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே அந்த வீட்டு ஜாடியத் தூக்கிக் கார்ல வச்சுக்கிட்டுப் போயிட்டாரு. சிட்டம்மாவுக்கு வேலை போச்சு. ஊறுகா இன்னும் கடைக்குப் போவுது.

சிரிச்சீங்கல்ல? ஆளுக்கொரு டீ வாங்கிக் குடுங்க. ஊறுகா குடுத்தா ஒதப்பேன்.