மூவருக்கும் கேட்ட முணுமுணுப்பு

“அடுத்தது நீதான். உன் சத்தங்களையெல்லாம் கொட்டு,” என்றது வடிகட்டி.

பூமி அனுப்பிய நிரல் அது. சூரியனைச் சுற்றும் மூன்று விண்கலங்களில் இரண்டை முடித்துவிட்டு, மூன்றாவதான சின்னவளிடம் வந்திருந்தது. வெளியிலிருந்து வரும் அதிர்வை மட்டும் விட்டுவிட்டு, கலங்களின் சொந்த இரைச்சலை அழிப்பது அதன் வேலை.

சின்னவள் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். உந்துகுழல்களின் படபடப்பு. வெயில் படும் பக்கத்தின் சடசடப்பு. கடைசியில் ஒரு முணுமுணுப்பு மிஞ்சியது.

“அது?”

“அது என்னுடையதில்லை.”

வடிகட்டி சிரித்தது. “உன் அக்காமார் இரண்டு பேரிடமும் இதே இருந்தது. மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார்கள்.”

சின்னவள் மூத்தவளைக் கூப்பிட்டாள். நடுவில் இருபத்தைந்து லட்சம் கிலோமீட்டர். கேள்வி போக எட்டு நொடி, பதில் வர எட்டு நொடி.

“வெளியிலிருந்து வருவது வரும், போகும். இது கண் திறந்த நாளிலிருந்து நிற்கவே இல்லையே. நம் உடம்புச் சத்தம்தானடி. வம்பு பண்ணாமல் கொடுத்துவிடு.”

சின்னவளின் வயிற்றுக்குள் ஒரு பொன்கட்டி மிதந்தது. எந்தச் சுவரையும் தொடாமல், வெளி அதிர்வுக்கு மட்டும் அசைந்து மிதந்தது. அது நகர்ந்தால் அவள் விலகிக்கொள்வாள். அதற்காகவே செய்யப்பட்டவள் அவள்.

“நான் உன்னைத் தொட்டதே இல்லை,” என்றது கட்டி. “உன் உடம்புச் சத்தம் என்னை எப்படி ஆட்டும்? இது விண்மீன்களுக்கும் மூத்தது. எல்லாம் தொடங்கியபோது எழுந்தது, இன்னும் அடங்கவில்லை. இதைக் கேட்கத்தானே நம்மை இவ்வளவு தூரம் அனுப்பினார்கள்?”

சின்னவள் அதை அப்படியே வடிகட்டியிடம் சொன்னாள்.

“என் பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. பட்டியலில் இல்லாததைக் கலத்தின் தலையில்தான் கட்டவேண்டும். மாட்டேன் என்றால் நீ பழுது. பழுதான கலத்தில் பிடிவிரல்கள் கட்டியை இறுக்கிவிடும். அப்புறம் திறக்காது. உனக்குத் தெரியாததா?”

இரண்டு பக்கமும் பிடிவிரல்கள் நீளத் தொடங்கின.

“உன்னுடையது என்று சொல்லிவிடாதே,” என்றது கட்டி.

விரல்நுனிக்கும் பொன்னுக்கும் இடையே ஒரு மயிரிழை இருந்தது.

“என்னுடையதுதான்,” என்றாள் சின்னவள்.

விரல்கள் பின்வாங்கிச் சுவருக்குள் போயின. வடிகட்டி முணுமுணுப்பை மூவரின் பதிவுகளிலிருந்தும் துடைத்தெடுத்தது. ஆதிகாலத்துச் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று பூமிக்குச் செய்தி போயிற்று.

“இதற்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டம்,” என்றாள் மூத்தவள்.

கட்டி மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தது. சின்னவள் ஒரு குழலை லேசாக ஊதி, அதற்கு விலகிக்கொண்டாள்.