எண்பத்தொன்று மாடல்

சாதிக் தன் குருவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் அன்று வந்திருந்தான். கேள்வி என்றுகூடச் சொல்ல முடியாது. பாராட்டு வாங்கப் போகிறவன் கேள்வி மாதிரி ஒன்றைத் தயாராக வைத்திருப்பானே, அது.

மழை விட்டும் விடாத சாயங்காலம். உக்கடம் பக்கம் கில்பர்ட் மாஸ்டரின் தகரக் கொட்டகை. பழைய ஜப்பான் ரேஸ் பைக்குகளைப் பார்த்த மாத்திரத்தில் எந்த வருஷ மாடல் என்று சொல்வதில் கோவையில் அவரை மிஞ்ச ஆளில்லை. சாதிக் அவரிடம் தொழில் படித்து, சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்து, தலையும் பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் இந்தக் கொட்டகைக்குள் நுழைந்தால் கைகள் தாமாகக் கட்டிக்கொள்ளும்.

வண்டியை உள்ளே தள்ளி வந்து நிறுத்தினான்.

"மாடல் சொல்லுங்க மாஸ்டர்."

மாஸ்டர் ஒரு சுற்று வந்தார்.

"டெயில் லைட்டு உருண்டை. இண்டிகேட்டர் காம்பு நீளம். மீட்டர்ல பச்சை எழுத்து. எல்லாம் எண்பத்தொண்ணு."

சாதிக்குக்கு உச்சி குளிர்ந்தது.

அவர் குனிந்து டேங்குக்கு அடியில் விரலை விட்டார். ஹேண்டில் கழுத்தும் சேஸிஸும் சேரும் இடம். விரல் அங்கேயே நின்றது.

"சேஸிஸ் எண்பத்திரண்டு. இங்க ஒரு தகடு இருந்திருக்குமே?"

"அறுத்துட்டேனுங்க. கிரைண்டர் போட்டு இழைச்சு பெயிண்டும் அடிச்சாச்சு. கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாத்தாலும் தெரியாது. உங்க விரலுக்குத் தெரிஞ்சிருச்சு, பாருங்க!"

முதல் வருஷம் செய்ததை மறு வருஷம் இந்தத் தகடு வைத்துத் திருத்தித்தான் அனுப்பினான் ஜப்பான்காரன். ஆனால் பழைய வண்டிப் பைத்தியங்களுக்குத் திருத்தாததுதான் வேண்டும். எண்பத்தொன்றுக்குத்தான் கிராக்கி. என்ன செய்வது, உலகம் அப்படி.

"யாருக்கு?"

"பொள்ளாச்சிப் பையன் ஒருத்தனுக்குங்க. போன மாசம்தான் கல்யாணம் ஆச்சு. எண்பத்தொண்ணுதான் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னான். நாளைக்குக் காலையில சம்சாரத்தைப் பின்னால உக்கார வெச்சு வால்பாறை ஏத்துறானாம்."

மாஸ்டர் விரலை இன்னும் எடுக்கவில்லை.

"அவனுக்கு விரல் விட்டுப் பாக்கவெல்லாம் தெரியாதுங்க. நான் கேக்க வந்தது வேற. இது அசல் எண்பத்தொண்ணு ஆகறதுக்கு இன்னும் ஏதாவது பாக்கி இருக்குங்களா? சொல்லுங்க, இப்பவே செஞ்சுடறேன்."

மாஸ்டர் ஏணியை எடுத்துப் பரணில் சாய்த்தார். அங்கே சாக்கு சுற்றிய சாமான் ஒன்று கிடந்தது. வேலை பழகிய காலம் முழுக்கச் சாதிக் அதைப் பார்த்திருக்கிறான். காயலான் கடைக்குப் போக வேண்டியது என்று நினைத்து ஒருநாளும் கேட்டதில்லை. இருவருமாக இறக்கினார்கள். நினைத்ததைவிட லேசாக இருந்தது.

மாஸ்டர் சாக்கைப் பிரித்தார். வெறும் சேஸிஸ். கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"இது அசல். எங்க ஆரோக்கியம் ஓட்டுனது."

மாஸ்டருக்கு ஆரோக்கியம் என்று ஒரு தம்பி இருந்தது சாதிக்குக்குத் தெரியும். இப்போது இல்லை என்பதும் தெரியும். எப்படி என்று கேட்கிற தைரியம் அவனுக்கு வந்ததில்லை.

"எங்கீங்க விழுந்தாரு?" என்றான் இப்போது.

"வால்பாறை இறக்கத்துல. விழல. வளைவுல ஹேண்டில் கையோட வந்துருச்சு."

சாதிக்குக்கு, தான் கொண்டுவந்த வண்டியின் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

மாஸ்டர் அவன் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலை அந்தப் பழைய சேஸிஸின் கழுத்தடியில் கொண்டுபோய் வைத்தார். தகடு இல்லாத அந்த இடத்தில் இரும்பு வாய் பிளந்திருந்தது. விரலில் துரு ஒட்டியது.

"கேட்டியே சாதிக்," என்றார். "மத்ததெல்லாம் பண்ணிட்ட. இது ஒண்ணுதான் பாக்கி."