மாரக்காளின் கடப்பாரை

கோவையில் மில் சங்கு ஊதிய காலம். "மில் நிலத்தில் மண்சுவர், ஓலைக்கூரை ஒன்றுகூட நிற்கக்கூடாது" என்று முதலாளி தொழிலாளிகளிடமே கடப்பாரையைக் கொடுத்து, அவர்கள் குடிசைகளை இடிக்கச் சொன்னார். கூட்டிப் பெருக்கும் மாரக்காள் கடப்பாரையோடு நேரே போனது, அதே மில் நிலத்தில் முதலாளி கட்டியிருந்த புது மாளிகைக்கு. அங்கே விருந்து நடந்துகொண்டிருந்தது. அவள் சுவரில் கடப்பாரையை ஓங்க, முதலாளி ஓடிவந்து கத்தினார்.

"அடி கழுதை, இது இயற்கை வீடு! மண்சுவர் குளிர்ச்சி, ஓலை குளிர்ச்சி. விளக்குகூடச் சூரியத் தகட்டில் எரியுது!"

"எங்க வீடும் அதேதானுங்க முதலாளி. மண்ணு, ஓலை. சூரியன் மட்டும் தகடு இல்லாம, கூரை ஓட்டை வழியா வருதுங்க. எதை மொதல்ல இடிக்கட்டுங்க?"

விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். முதலாளி கடப்பாரைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மில்லும் போனது, சங்கும் போனது, சங்கமும் போனது. அந்தக் குடிசைகள் நிற்கின்றன. அந்த நிறுத்தம் வந்தால் பஸ் கண்டக்டர் இன்றும், "இயற்கை வீடெல்லாம் இறங்கு!" என்றுதான் கூவுகிறார்.